பேடு அடிக்கிறீர்கள் சரி, கீழே கேட்கிறதா? கச்சேரி மேடையில் எலெக்ட்ரானிக் டிரம்ஸ் எடுபட

நான் பேடு வாங்கி முதன்முதலில் மேடை ஏறியது ஒரு கோயில் திருவிழா மெல்லிசைக் கச்சேரியில். அதற்கு முன் ஒரு மாதம் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ராத்திரி பகலாக சவுண்டு தேடியிருந்தேன். கிக் (காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்) அடித்தால் நெஞ்சுக்குள் இடி இறங்கும், ஸ்னேர் (சள்ளென்று வெடிக்கும் சின்ன டிரம்) அடித்தால் காலி மண்டபத்தில் வெடி போட்ட மாதிரி ஒரு முழக்கம். மேடையில் மூன்று பாட்டு முடிந்தது. கீழே நின்ற நண்பன் ஓரமாக வந்து, "என்னடா, சிக் சிக்குனு ஹைஹாட் மட்டும்தான் கேக்குது, நீ வாசிக்கிறியா இல்லையா?" என்றான். ஹைஹாட் என்பது காலால் மூடித் திறக்கிற ஜோடி சிம்பல். பேடின் வால்யூமை முழுசாகத் திருப்பினேன். இப்போது சிக் சிக் இன்னும் சத்தமாகக் கேட்டது, அவ்வளவுதான்.

இது உங்களுக்கும் நடந்திருந்தால், அல்லது அடுத்த வாரம் முதல் கச்சேரி என்று வயிற்றைக் கலக்கினால், கீழே இருப்பதை வரிசையாகச் செய்து பாருங்கள். பாதி வேலை வீட்டிலேயே முடிந்துவிடும். நம் ஊரில் ஆக்டோபேட், ரிதம் பேட் என்றெல்லாம் சொல்கிற ஒற்றைப் பெட்டிக்கும், கால் பெடல், ரப்பர் சிம்பல் எல்லாம் வைத்த முழு எலெக்ட்ரானிக் கிட்டுக்கும் வழி ஏறக்குறைய ஒன்றுதான்.

முதலில் ஏன் இப்படி ஆகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் எந்தக் குமிழைத் திருப்புவது என்றே புரியாது. சாதாரண டிரம்ஸ் மைக்கே இல்லாமல் ஒரு சின்ன மண்டபத்தை நிரப்பும். ஸ்னேரில் ஓங்கி ஓர் அடி விட்டால் அடிக்கிறவர் காதருகே நூறு டெசிபலைத் தாண்டும். பேடில் அந்த வசதி கிடையாது. ரப்பரில் குச்சி படுகிற டொக் டொக் சத்தத்தைத் தவிர மற்றதெல்லாம் வயர் வழியாகப் போய் ஸ்பீக்கரில்தான் வர வேண்டும், அதே ஸ்பீக்கரில் பாடகர், கீபோர்டு, பேஸ் கிட்டார், தபேலா எல்லோரும் முண்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

இரண்டாவது காரணம் நம் காது. சத்தம் குறைவாக இருக்கும்போது காதுக்கு அடி ஒலியும் உச்ச ஒலியும் சரியாக எட்டாது, சத்தம் ஏற ஏற அவை எட்ட ஆரம்பிக்கும். 1933-இல் ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் அளந்து காட்டிய விஷயம் இது. அதனால் வீட்டில் மெதுவாகக் கேட்டு, போதவில்லையே என்று பேஸையும் ட்ரெபிளையும் ஏற்றி வைக்கிறோம். மேடையில் சத்தம் எகிறியதும் அந்த பேஸ் கொழகொழவென்று எல்லாவற்றையும் மூடிவிடும், ட்ரெபிள் காதைக் குத்தும், நடுவில் இருக்க வேண்டிய அடி மட்டும் இருக்காது. மாட்யூலோடு (பேடின் ஒலிகளை உருவாக்கும் பெட்டி) வரும் தயார் கிட்களும், அதாவது சேமித்து வைத்த சவுண்டுத் தொகுப்புகளும், பெரும்பாலும் கடையில் ஹெட்போன் மாட்டியதும் ஆளை அசத்துகிற மாதிரிதான் செய்யப்பட்டிருக்கும். தனியாகக் கேட்க அருமையாக இருக்கும், கூட்டத்தில் காணாமல் போகும்.

வீட்டில் செய்ய வேண்டியது

உங்களுக்குப் பிடித்த கிட்டை அப்படியே நகல் எடுத்து வேறு எண்ணில் 'மேடை' என்று பெயர் போட்டுச் சேமித்துக்கொள்ளுங்கள். இனி கை வைப்பது எல்லாம் அதில்தான், பழையது வீட்டில் வாசித்து மகிழ இருக்கட்டும்.

ரிவெர்பை, அதாவது ஒலியோடு சேர்க்கும் செயற்கை எதிரொலியை, அணையுங்கள். குறைக்க வேண்டாம், முழுசாக அணையுங்கள். ஆம்பியன்ஸ், ரூம் என்று வேறு பெயரில் இருந்தாலும் அதேதான். மண்டபத்துக்குச் சொந்தமாகவே எதிரொலி உண்டு, தகரக் கூரை போட்ட கல்யாண மண்டபம் என்றால் கேட்கவே வேண்டாம். அதன் மேல் நீங்கள் ஒரு மண்டபத்தைச் சேர்த்தால் ஒவ்வொரு அடியும் அடுத்த அடியின் மேல் வழிந்துகொண்டே இருக்கும். ரிவெர்ப் இல்லாமல் வீட்டில் கேட்டால் சப்பென்று இருக்கும், அழுகையே வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது டீகே, அதாவது அடித்த பிறகு ஒலி எவ்வளவு நேரம் இழுக்கிறது என்பது. கிக்கையும் டாமையும் (உருட்டி அடிக்கும் டிரம்கள்) நன்றாகக் குறையுங்கள். 'டூம்ம்ம்' என்று இழுப்பது 'டப்' என்று நறுக்காக விழ வேண்டும். புதிதாக வருகிறவர்கள் நம்ப மறுக்கிற விஷயம் இது, இழுப்பைக் குறைத்ததும் கிக் சிறுத்துப்போன மாதிரி தோன்றும், ஆனால் பேஸ் கிட்டாரோடு சேர்ந்து கேட்கும்போது அதுதான் தனியாகத் தெரியும். ஒலிக்கு நடுவே கொஞ்சம் மௌனம் இருந்தால்தான் அடுத்த அடி அடியாகக் காதில் விழும்.

இந்த வேலையை ஹெட்போனில் செய்யாதீர்கள். ஏதாவது ஒரு ஸ்பீக்கரில், வீட்டில் சண்டை வராத அளவுக்குச் சத்தமாக, கூடவே ஒரு பாட்டை ஓடவிட்டு அதன் மேல் வாசித்துப் பாருங்கள். தனியாகக் கேட்டு முடிவெடுத்த சவுண்டு எனக்கு ஒருநாளும் மேடையில் கைகொடுத்ததில்லை.

கிக்: இங்கேதான் எல்லோரும் தோற்கிறோம்

கிக்கின் கனம் 50 முதல் 80 ஹெர்ட்ஸ் வரை இருக்கிறது. பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸில் தொடங்கி அதே இடத்தில்தான் நடமாடுகிறது. தபேலாவின் இடது, டோலக்கின் தொப்பிப் பக்கம், கீபோர்டுகாரரின் இடது கை எல்லாமே அதற்குச் சற்று மேலே கூடி நிற்கின்றன. அங்கே கிக்கை ஏற்றிக்கொண்டே போனால் வருவது கும்மென்ற ஒரே இரைச்சல். கிக் விழுந்தது என்று காதுக்குச் சொல்வது அந்த கும் இல்லை, சுத்தியல் தோலில் படுகிற 'டக்'. அது இருக்கிற இடம் 2 முதல் 5 கிலோஹெர்ட்ஸ்.

ஆகவே, சவுண்டு தேர்வு செய்யும்போதே அந்த டக் தெளிவாக உள்ள கிக்கை எடுங்கள். ஈக்யூ (ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் தனியாக ஏற்றி இறக்கும் வசதி) இருந்தால் 300 ஹெர்ட்ஸ் பக்கம் நாலைந்து டெசிபல் வெட்டுங்கள், அட்டைப்பெட்டியைத் தட்டுகிற மாதிரி சத்தம் அங்கேதான் இருக்கிறது. பிறகு 3 கிலோஹெர்ட்ஸில் மூன்று நான்கு டெசிபல் ஏற்றுங்கள். ஈக்யூ இல்லாத பழைய பேடு என்றால் கவலைப்படாதீர்கள், ஒரு பேடில் இரண்டு சவுண்டைச் சேர்த்து வைக்கும் வசதி அநேகமாக இருக்கும், கனமான கிக்கின் மேல் கட்டை தட்டுகிற மாதிரி ஒரு குட்டையான சவுண்டை மிக மெதுவாகச் சேருங்கள், தனியாகத் தெரியாத அளவுக்கு. பிட்ச்சை ஒரு படி மேலே தூக்குவதும் உதவும். பேஸ் கிட்டார் வாசிப்பவர் கீழே இருந்தால் நீங்கள் மேலே, அவர் மேலே என்றால் நீங்கள் கீழே. இரண்டு பேரும் ஒரே நாற்காலியில் உட்கார முடியாது.

நம்மூர்க் கச்சேரிக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். திருவிழாவில் மேடைக்கு முன்னால் பெரிய பெட்டி ஸ்பீக்கர் இருக்கும், தெரு முழுக்கக் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருப்பார்கள். குழாயில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரும்பாலும் ஒன்றும் வராது. கனத்தை மட்டும் நம்பிய கிக் அந்தத் தெருவில் நிற்கிறவனுக்கு இல்லவே இல்லை. டக் இருக்கிற கிக் மட்டும் அங்கேயும் தாளத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். என் நண்பன் அன்றைக்கு நின்றது அப்படி ஒரு குழாய்க்குக் கீழேதான் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

ஸ்னேரும் மற்றதும்

ஸ்னேரின் உடம்பு 200 ஹெர்ட்ஸ் சுற்றி, வெடிப்பு 2 முதல் 5 கிலோஹெர்ட்ஸ் வரை. சிக்கல் என்னவென்றால் பாடகரின் சொற்கள் தெளிவாகக் கேட்பதும் இதே இடத்தில்தான். ரொம்ப ஏற்றினால் பாட்டை மறைப்பீர்கள், ஊர்க்காரர்கள் பாடகரைத்தான் கேட்க வந்திருக்கிறார்கள் என்பதை மறக்க வேண்டாம். எனக்குப் பிடித்த வழி, ஸ்னேரின் உடம்பைக் கொஞ்சம் கூடுதலாக விட்டு, சிம்பல் மாதிரி சள்ளென்று இழுக்கும் வாலை வெட்டிவிடுவது. கூர்மையான, கொஞ்சம் உயர்ந்த ஸ்ருதியில் உள்ள ஸ்னேர் எப்போதும் ஜெயிக்கும். ஊறப்போட்ட மாதிரி தாழ்ந்த ஸ்னேர் ரெக்கார்டிங்கில் சுகமாக இருக்கும், மேடையில் கரைந்துவிடும்.

ஹைஹாட், சிம்பல் எல்லாவற்றையும் நீங்கள் நினைப்பதைவிடக் குறையுங்கள். அவை தானாகவே எடுபடும். டாம்களுக்கு டீகே குறைத்தாலே போதும்.

தவில், உடுக்கை, பம்பை, டோலக் சவுண்டுகளை பேடில் வாசிப்பவர்கள் ஒரு விஷயம் கவனியுங்கள். பக்கத்தில் நிஜமான தபேலாவோ டோலக்கோ இருந்தால் அதே ரகச் சவுண்டை நீங்களும் போடாதீர்கள், அவர் கை உங்களை விழுங்கிவிடும், அல்லது நீங்கள் அவரை. தவிலின் வலந்தலை மாதிரி கணீரென்று விழுகிறதை எடுத்துக்கொண்டு, கும் என்கிற பக்கத்தை அவரிடம் விட்டுவிடுங்கள்.

அடி எப்படி விழுகிறது

வீட்டில் மெல்ல அடித்தால் மெல்லக் கேட்பது அழகு. மேடையில் மெல்லிய அடிகள் எல்லாம் காணாமல் போய், ஓங்கி அடித்தது மட்டும் திடுக்கென்று வரும். சென்சிடிவிட்டியை (மெல்லிய அடிக்கும் பேடு எவ்வளவு பதில் தருகிறது என்பது) கொஞ்சம் ஏற்றுங்கள், வெலாசிட்டி கர்வ் (அடியின் வேகத்துக்கு ஏற்பச் சத்தம் ஏறும் விதம்) என்று ஓர் அமைப்பு இருந்தால் லீனியரை விட்டுவிட்டுச் சத்தத்தைத் தூக்கிப் பிடிக்கிற ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ரோலண்ட் டிரம் மாட்யூல்களில் லவுட்1, லவுட்2 என்று இருப்பது இதற்குத்தான். கைதட்டல், டம்பரின் போன்றவற்றுக்கு எப்படி அடித்தாலும் ஒரே அளவு வருகிற மாதிரி வைத்துவிடலாம்.

கூடவே த்ரெஷோல்டையும், அதாவது எவ்வளவு பலமாகப் பட்டால் பேடு ஒலிக்கும் என்கிற எல்லையையும், ஒரு படி ஏற்றுங்கள். மரப்பலகை போட்ட மேடையில் சப் ஊஃபர் அதிரும்போது அந்த அதிர்வே பேடைத் தட்டி, நீங்கள் தொடாமலே டாம் அடிக்கும். எனக்கு ஒருமுறை பாடகர் உருகிப் பாடிக்கொண்டிருந்த இடத்தில் பம்பை விழுந்தது, அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது.

அப்புறம் எல்லோரும் விட்டுவிடுகிற ஒரு வேலை. பாட்டுக்குப் பாட்டு கிட் மாற்றுகிறீர்கள் என்றால் எல்லாக் கிட்களும் ஒரே சத்தத்தில் இருக்கிறதா என்று ஒரு மாலை உட்கார்ந்து சரிபாருங்கள். ஐந்தாவது பாட்டில் ஒரு கிட் பளாரென்று வந்தால் சவுண்டுக்காரர் ஃபேடரை (மிக்ஸரில் உங்கள் சத்தத்தை ஏற்றி இறக்கும் தள்ளுகுமிழ்) இறக்குவார். ஆறாவது பாட்டுக்கு அதைத் திரும்ப ஏற்ற வேண்டும் என்று அவருக்குத் தோன்றாது. மீதிக் கச்சேரி முழுக்க நீங்கள் இல்லாத மாதிரிதான்.

வயரும் பெட்டியும்

இது சலிப்பான பகுதி, ஆனால் பாதிப் பிரச்சினை இங்கேதான். ஒரு கச்சேரியில் பேடின் ஹெட்போன் துளையிலிருந்து ஸ்டீரியோ ஜாக் வயர் ஒன்றை எடுத்து நேராக மிக்ஸரின் ஒரு சேனலில் குத்திவிட்டோம். கிக் இல்லை, ஸ்னேர் இல்லை, எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ரிவெர்ப் மட்டும் வந்தது. காரணம் எளிது. பேலன்ஸ்டு சேனல் அந்த வயரின் இரண்டு முனைகளில் வருவதை ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துத்தான் எடுத்துக்கொள்ளும். இடதும் வலதும் ஒன்றாக இருக்கிற நடு ஒலிகள், அதாவது கிக்கும் ஸ்னேரும், கழிந்து பூஜ்யமாகிவிடும். இதை யாரும் செய்யாதீர்கள்.

மிக்ஸரில் ஒரே ஒரு சேனல்தான் கிடைக்கும் என்றால் 'எல் மோனோ' என்று எழுதியிருக்கும் துளையில் மட்டும் சாதாரண மோனோ வயரைக் குத்துங்கள், வலது துளை காலியாக இருக்கட்டும். அப்போதுதான் மாட்யூல் இரண்டையும் சேர்த்துத் தரும்.

வயர் ஐந்தாறு மீட்டருக்கு மேல் போகிறது என்றால் டிஐ பாக்ஸ் (பேடின் ஒலியை நீண்ட மைக் வயரில் இரைச்சல் இல்லாமல் அனுப்ப உதவும் சின்னப் பெட்டி) வேண்டும். மிக்ஸர் ஐம்பது அடி தள்ளி இருக்கிற கச்சேரிகளில் இது இல்லாமல் ஒப்பேற்றினால் கொர்ரென்ற இரைச்சல்தான் மிச்சம். பேடுக்கு பேசிவ் டிஐ (கரண்ட் தேவைப்படாதது) போதும், விலையும் குறைவு, சொந்தமாக இரண்டு வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஜெனரேட்டரில் ஓடும் மேடையில் கொர் சத்தம் வந்தால் அதிலுள்ள கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்சைத் தள்ளிப் பாருங்கள், பெரும்பாலும் அதோடு நின்றுவிடும். அடாப்டரின் எர்த் பின்னை ஒடிக்கிற வேலை மட்டும் வேண்டாம், உயிர் விஷயம்.

எனக்குத் தெரிந்த மிகப் பெரிய தந்திரம் இதுதான். இரண்டு சேனல் கிடைத்தால் அதை ஸ்டீரியோவாக வீணாக்காதீர்கள். மாட்யூலில் கிக்கை முழுக்க இடது பக்கம் தள்ளுங்கள், மற்ற எல்லாவற்றையும் முழுக்க வலது பக்கம். மிக்ஸரில் இரண்டு சேனலின் பேன் குமிழையும் (ஒலியை இடது வலது பக்கம் தள்ளும் குமிழ்) நடுவில் வையுங்கள். இப்போது சவுண்டுக்காரரிடம் கிக்குக்குத் தனி ஃபேடர், தனி ஈக்யூ இருக்கிறது. ஸ்டீரியோ வெளியீடு மட்டும் உள்ள ரோலண்டின் டிடி-17 மாட்யூல், எஸ்பிடி-30 ஆக்டோபேட் போன்றவற்றிலும் இது நடக்கும். எஸ்பிடி-எஸ்எக்ஸில் தனியாக ஒரு சப் அவுட் ஜோடியே இருப்பதால் கிக்கை அங்கே அனுப்பிவிடலாம். ஹெட்போனில் கேட்டால் இடது காதில் மட்டும் கிக் விழுந்து தலை ஒரு பக்கம் சாய்ந்த மாதிரி இருக்கும், பழகிவிடும். ரிவெர்பை அணைக்கச் சொன்னதற்கு இது இன்னொரு காரணம், அது இரண்டு பக்கமும் கலந்து தந்திரத்தையே கெடுத்துவிடும்.

சவுண்ட் செக்

இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு வந்த ஒலி மாசு விதி. விழா நாட்களுக்கு அரசு தரும் தளர்வு எப்போதாவதுதான். அதனால் கச்சேரியைத் தள்ளிப்போட முடியாது. ஏழு மணிக் கச்சேரிக்கு ஆறரைக்குத்தான் கரண்ட் வரும், உங்களுக்குக் கிடைப்பது ஐந்து நிமிடம். அதை இப்படிச் செலவழியுங்கள்.

மாட்யூல் வால்யூமை முக்கால் பங்கில் வைத்து, அதன் பிறகு கச்சேரி முடியும்வரை தொடாதீர்கள். கிக்கை மட்டும் நிதானமாக, பாட்டில் எவ்வளவு ஓங்கி அடிப்பீர்களோ அவ்வளவு ஓங்கி அடியுங்கள். செக்கில் பூப்போல அடித்துவிட்டுப் பாட்டில் பிளந்தால் சவுண்டுக்காரர் வைத்த கெயின் (மிக்ஸருக்குள் வரும் ஒலியின் அளவு) எல்லாம் வீண், சிவப்பு விளக்கு எரியும், அவர் மொத்தமாக இறக்குவார். பிறகு ஸ்னேர், பிறகு மற்றவை. கடைசியில் பேஸ் கிட்டாரையும் கூட வாசிக்கச் சொல்லி இரண்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும், அந்தக் கடைசி அரை நிமிடம்தான் மற்ற நாலரை நிமிடத்தைவிட முக்கியம்.

சவுண்டுக்காரரிடம், "அண்ணே, சத்தம் வைங்க" என்று சொல்லாதீர்கள், ஆளாளுக்கு அதையேதான் சொல்லிக்கொண்டிருப்பார்கள். "அண்ணே, கிக்குல மூணு கே பக்கம் கொஞ்சம் ஏத்துங்க, லோ மிட் கொஞ்சம் எடுங்க" என்று சொல்லிப் பாருங்கள். சின்ன மிக்ஸரில் மிட் குமிழ் 2.5 கிலோஹெர்ட்ஸில் நிலையாக இருக்கும், பரவாயில்லை, அதுவே போதும். ரிவெர்ப் பாடகருக்கு மட்டும் போதும் என்பதையும் பணிவாகச் சொல்லிவிடுங்கள், சிலர் பேடு சேனலுக்கும் பழக்கத்தில் எக்கோ போட்டுவிடுவார்கள். கம்ப்ரஸர் (ஓங்கிய அடிகளைத் தானாக அடக்கும் கருவி) இருந்து அதைப் போட விரும்பினால் அட்டாக், அதாவது அடக்கத் தொடங்க அது எடுக்கும் நேரம், 20 அல்லது 30 மில்லிசெகண்டாக இருக்கட்டும், அதைவிட வேகமாக வைத்தால் முதல் டக்கையே அது விழுங்கிவிடும், இத்தனை பாடும் அந்த டக்குக்காகத்தானே.

குழுவில் மற்றவர்களிடமும் பேச வேண்டியிருக்கும், இது கொஞ்சம் கூச்சமான வேலை. கீபோர்டு அண்ணனிடம் பேஸ் கிட்டார் இருக்கும்போது இடது கையைக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். அவர் ரிதம் லூப் ஓட்டுகிற பாட்டில் அதிலேயே கிக் இருந்தால் நீங்கள் கிக் அடிக்காமல் இருப்பதே மேல், இரண்டு கிக்கும் ஒரு மயிரிழை தள்ளி விழுந்தால் இரண்டுமே மங்கிவிடும். உங்கள் பக்கமும் ஒரு விட்டுக்கொடுத்தல் உண்டு: ஃபில் (வரிகளுக்கு நடுவே நிரப்பும் உருட்டல்) என்று நாலு அடிக்கு ஒருமுறை எட்டு பேடையும் உருட்டாதீர்கள். பேடு எடுபடாத கச்சேரிகளைப் பதிவில் திரும்பக் கேட்டபோது பல இடங்களில் குற்றவாளி நான்தான், பாடகர் வரி முடிக்கும் முன் உருட்ட ஆரம்பித்திருந்தேன்.

உங்களுக்கே கேட்க

கீழே கேட்பது ஒன்று, உங்களுக்குக் கேட்பது இன்னொன்று. கேட்காதவன் ஓங்கி அடிப்பான், ஓங்கி அடித்தால் தாளம் ஓடும். பத்து அல்லது பன்னிரண்டு அங்குல பவர்டு ஸ்பீக்கர் (ஆம்ப் உள்ளேயே இருப்பது) ஒன்றை உங்கள் இடுப்பு உயரத்தில், காதை நோக்கிச் சாய்த்து வையுங்கள். டிஐ பாக்ஸில் இருக்கும் இன்னொரு துளையிலிருந்து அதற்கு வயர் எடுக்கலாம், சவுண்டுக்காரரைக் கெஞ்ச வேண்டியதில்லை. பேஸ் கிட்டாருக்கும் தபேலாவுக்கும் இதிலிருந்தே தாளம் கேட்கும் என்பதால் குழுவே ஒன்றாக நிற்கும். கிட்டார் ஆம்பில் மட்டும் குத்தாதீர்கள், அதன் ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் அநேகமாக ஒன்றும் தராது, சத்தமான கிக் போனால் கிழியவும் கூடும். இயர்போன் போட்டு வாசிப்பவர்கள் ஒரு காதையாவது அவ்வப்போது எடுத்து மேடையைக் கேளுங்கள்.

செக் முடியும் நேரத்தில் குழுவில் யாரையாவது பேடில் உட்காரவைத்து ஒரு நிமிடம் அடிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் கீழே இறங்கி நடங்கள். பெட்டி ஸ்பீக்கருக்கு முன்னால் ஒரு தடவை, பின் வரிசையில் ஒரு தடவை, முடிந்தால் தெருமுனைக் குழாய்க்குக் கீழேயும் ஒரு தடவை. டக் மூன்று இடத்திலும் கேட்டால் மேடைக்குத் திரும்பி, கிட்டைச் சேமித்து, அடாப்டர் வயரைத் தரையோடு டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். நடுப்பாட்டில் யாராவது கால் தடுக்கி அதை உருவுவார்கள், எல்லா ஊரிலும் ஒருவர் இருக்கிறார்.